இடம் மாறிய சாமான்கள்

முதலில் இடம் மாறியது சவர செட். குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே இருக்க வேண்டியது, அலமாரியின் அடித்தட்டில் துண்டுகளுக்குப் பின்னால் கிடந்தது. செக்கர் அதை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். மனைவியிடம் ஒன்றும் கேட்கவில்லை. உடனே கேட்டால் ஆள் உஷாராகிவிடும்.

பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போன பிறகும் பெயர் போகவில்லை; அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் செக்கர்தான். வெளியூரிலிருந்து போன் செய்யும் மகன்கூட, இன்றைய செக்கிங் முடிந்ததா என்றுதான் அம்மாவிடம் ஆரம்பிப்பான்.

அடுத்த வாரம் வீட்டுச் செருப்பு. வாசலோரம் விட்டது கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதற்கடுத்த வாரம், கொக்கியில் மாட்டிய சட்டை பீரோவுக்குள். எல்லாம் புதன்கிழமை. புதன் மதியம் அவர் ஓய்வூதியர் சங்கத்துக்குப் போவார். செய்தித்தாள், கேரம், கொஞ்சம் வாக்குவாதம். திரும்ப இருட்டிவிடும்.

யாராவது வந்தார்களா என்று ஒரு புதன் மாலை கேட்டார். இல்லை என்றாள். இரண்டு கோப்பை ஏன் கழுவியிருக்கிறது என்றார். ஒன்று காலையில் குடித்தது என்றாள். காலையில் கழுவிய கோப்பை இந்நேரம் வரை ஈரமாக இருக்குமா என்றார். அவள் துணியை எடுத்துக் கோப்பையைத் துடைக்க ஆரம்பித்தாள். அவர்கள் பேச்சு பெரும்பாலும் அங்கேதான் முடியும். அவர் ஏதாவது கேட்பார், அவளுக்கு ஏதாவது வேலை வந்துவிடும்.

வயதானவர்கள் இருக்கும் வீடாகப் பார்த்து நுழைந்து, இனிக்க இனிக்கப் பேசிக் கையெழுத்து வாங்கும் கும்பலைப் பற்றிச் சங்கத்தில் பேச்சு இருந்தது. ஒருவருடைய வீடே கைமாறிவிட்டதாம். செக்கர் பீரோவைத் திறந்து பார்த்தார். பத்திரம் இருந்தது. நகை இருந்தது. எதுவும் குறையவில்லை. அதுதான் அவரை உறுத்தியது. திருட வராதவன் எதற்கு வருகிறான்?

கீழ்த்தளத்தில் தையல்கடை. படியேறுகிறவர் யாரும் தையல்காரர் கண்ணுக்குத் தப்ப முடியாது. செக்கர் வெயிலைப் பற்றி, மின்வெட்டைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"புதன்கிழமைதானே? ஒரு பொண்ணு வருது, நீலப் பை மாட்டிக்கிட்டு. முதியோர் உதவி மையமாம்," என்றார் தையல்காரர். "ஏன் சார், டிக்கெட் வாங்கியிருக்கான்னு பாக்கணுமா?"

உதவி மையத்துக்கு இங்கே என்ன வேலை? பென்ஷன் வருகிறது. மகன் இருக்கிறான். குத்துக்கல்லாட்டம் தான் ஒருவர் இருக்கிறார். நீலப் பை மாட்டினால் மையம் ஆகிவிடுமா?

அடுத்த புதன் வழக்கம்போலக் கிளம்பினார். அன்று மனைவி வாசல்வரை வந்து, குடை வேண்டாமா என்று கேட்டாள். அதையும் குறித்துக்கொண்டார். தெருக்கோடிவரை நடந்து, சுற்றி வந்து, தையல்கடைக்குள் தொங்கிய துணிகளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுதான் உட்கார்ந்தீர்கள், இடுப்பளவு கொடுத்துவிடுங்கள், ஏறியிருக்கிறது என்றார் தையல்காரர். செக்கர் படியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நீலப் பை வந்தது. சின்ன வயசு. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமானால் கொஞ்சம் அவகாசம் தர வேண்டும். தந்துவிட்டு ஏறினார்.

கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே மனைவியின் குரல். கல்யாணத்துக்கு முன் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த காலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேலதிகாரி உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாராம். எழுப்ப இவளை அனுப்பினார்களாம். "நான் மெதுவா கிட்டப் போயி..." என்றவள் மேலே பேச முடியாமல் சிரித்தாள். இன்னொரு குரலும் சிரித்தது. அவள் தொலைபேசி நிலையத்தில் இருந்தது அவருக்குத் தெரியும். இந்தக் கதை தெரியாது.

சாவி பையில் இருந்தது. பூட்டில் சாவி திரும்பினால் உள்ளே இருப்பவர்கள் சுதாரித்துக்கொள்வார்கள். மணியை அடித்தார்.

அந்தப் பெண்தான் திறந்தாள்.

"அம்மா, யாரோ வந்திருக்காங்க."

மனைவி அவள் பின்னால் வந்து நின்றாள். அப்படியே நின்றாள்.

"சார், நீங்க அம்மாவுக்குச் சொந்தமா?" என்றாள் பெண். "தப்பா நினைக்காதீங்க. கூட யாருமே இல்லாதவங்களுக்குத்தான் நாங்க பேச்சுத்துணைக்கு வர்றோம். வீட்டுல ஆள் இருந்தா இந்த நேரத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்துருவோம். நிறைய பேர் காத்துட்டிருக்காங்க."

அவளுடைய தோளுக்கு மேலாக அறையைப் பார்த்தார். கொக்கி காலி. வாசலோரம் செருப்பு இல்லை. கல்யாணப் படம் இருந்த சுவரில் ஆணி மட்டும். அவருடைய நாற்காலி சுவரைப் பார்க்கத் திரும்பி, மடித்த துணிகளைச் சுமந்துகொண்டிருந்தது. வெளியாள் யாரும் எதையும் தொடவில்லை. அவருடைய சாமான்கள் மட்டும்தான் இடம் மாறியிருந்தன. அந்த அறையில் அவர் இல்லை.

டிக்கெட் இல்லாதவர்களின் பார்வை எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். ஜன்னலுக்குப் போகும். மனைவி ஜன்னலைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள்.

"பக்கத்து வீடு," என்றார் செக்கர்.

பெண் முகம் மலர்ந்து உள்ளே கூப்பிட்டாள். வந்தவர்களுக்குப் போடும் நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் அவர் உட்கார்ந்ததே இல்லை. பிரம்பு குத்தியது.

"உங்களுக்குச் சர்க்கரை போடலாமா?" என்று மனைவி கேட்டாள்.

"அரை ஸ்பூன்," என்றார்.

அவள் உள்ளே போனதும் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஆரம்பத்தில் அம்மாவுக்குப் பேசவே வரவில்லையாம். எது கேட்டாலும், போலீஸ் விசாரணைக்குப் பதில் சொல்கிற மாதிரி ஒற்றை வார்த்தையாம். இப்போது கிளம்பவே விடுவதில்லையாம். "இந்த வீட்டுல பேச்சே கிடையாதுன்னு சொன்னாங்க சார். தனியாவே இருந்து பழகிட்டாங்க, பாவம்." ராத்திரியில் ஒரு குரல் கொடுத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். செக்கர் தலையாட்டினார். புதன்கிழமைகளில் அவரும் வந்து உட்காரலாமே என்றாள்.

"புதன்கிழமை நான் இருக்க மாட்டேன்மா," என்றார்.

தேநீர் வந்தது. மூவரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். பெண் பையை எடுத்ததும் அவரும் எழ வேண்டியதாயிற்று. இரண்டு பேரையும் வெளியே விட்டு மனைவி கதவைச் சாத்தினாள். உங்கள் வீடு எது என்று பெண் கேட்டுவிடப்போகிறாள் என்று பயந்து, தையல்காரரிடம் வேலை இருப்பதாகச் சொல்லி அவளுக்கு முன்னால் இறங்கினார். தையல்காரர் நிமிர்ந்து இருவரையும் பார்த்தார். மாட்டிக்கொண்டது யார் என்று பிடிபடாமல் மறுபடி குனிந்துகொண்டார்.

அவள் தெரு திரும்பிய பிறகு மேலே வந்து சாவி போட்டுத் திறந்தார். செருப்பு வாசலோரம் வந்திருந்தது. சட்டை கொக்கியில். மனைவி முக்காலி மேல் ஏறிப் படத்தை மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டு, தன் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கலாம். அதற்குத்தான் படியேறி வந்தார். கேட்கவில்லை.

"கிட்டப் போனியே," என்றார். "அப்புறம் என்ன ஆச்சு?"

ஆவலாகக் கேட்கத்தான் நினைத்தார். வந்தது டிக்கெட் கேட்கும் பழைய வேலைக்குரல்.

அவள் முக்காலியிலிருந்து இறங்கி அவர் முகத்தை ஆராய்ந்தாள்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

அவள் நம்பவில்லை.

"இன்னும் அந்தப் பொண்ணுக்கே சொல்லி முடிக்கல," என்று கோப்பைகளை எடுத்தாள். "அடுத்த புதன் சொல்லணும்."