செப்டம்பர் சோதனை

ஐஸ் ஹாக்கியில் ஒரு ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து அதிக ஆட்டம் ஆடியவன் என்ற சாதனை கார்னெட் லூகோவிச்சுடையது. தாடை உடைந்தும் ஆடினான். வீங்கிய பாதத்தை ஸ்கேட் ஷூவுக்குள் திணித்துக்கொண்டும் ஆடினான். அவன் ஊரான கனடாவின் வினிபெக்கில் 'லூக்கி' என்றால் அவனைக் கும்பிடாத குறைதான்.

தலையில் அடிபட்டபோதும் ஆடினான். அதற்கு ஒரு தில்லுமுல்லு இருந்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும், ஆட்டங்கள் தொடங்குமுன், ஆட்டக்காரர்களின் ஞாபகசக்தியைக் கணினியில் சோதித்து மதிப்பெண்ணைப் பதிந்துவைப்பார்கள். பிறகு தலையில் அடிபட்டால் மறுபடி சோதனை. மதிப்பெண் குறைந்தால் வெளியே உட்கார வேண்டியதுதான். ஆகவே பழம் தின்று கொட்டை போட்டவர்கள் செப்டம்பரிலேயே வேண்டுமென்று தப்பும் தவறுமாக எழுதிவிடுவார்கள். முதலிலேயே மக்காக இருந்துவிட்டால் பிறகு எங்கே குறைவது? கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தார்கள், பாவிகள்.

இந்தக் கோடையில், ஏரிக்குப் போகும் சாலையில், லூக்கி வண்டியை நிறுத்திவிட்டு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் விழித்தான். சின்ன வயதிலிருந்து போய்வருகிற வழி. பக்கத்தில் இருந்த அவன் மனைவி நோரீன் அங்கேயே சத்தியம் வாங்கிவிட்டாள்.

"இந்தத் தடவை ஏமாத்தாம எழுது. நல்ல மார்க் வந்தா இன்னும் ஒரு வருஷம் ஆடிக்கோ, நான் வாயே திறக்கமாட்டேன். வரலைன்னா ஸ்கேட்டைக் கழட்டிடணும்."

செப்டம்பர் வந்தது. சோதனை அறைக்குள் நுழையும்போது கூட்டாளிகள் கத்தினார்கள். "லூக்கி, உன் பேரையாவது சரியா எழுதுடா!"

அவன் சத்தியத்தைக் காப்பாற்றினான். திரையில் வந்த சொற்களை உதடு அசைய மனப்பாடம் செய்தான். பள்ளிக்கூடத்தில்கூட அவன் அப்படிப் படித்ததில்லை. நெற்றி வேர்த்துவிட்டது. முடித்தபோது, நன்றாகவே செய்திருக்கிறோம் என்றுதான் நினைத்தான்.

அணியின் மருத்துவர் ஹால்வர்சன் திரையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடேய் திருட்டுப்பயலே! போன வருஷ மார்க் அப்படியே இருக்கு. கொஞ்சமாவது மாத்தி ஏமாத்தக் கூடாதா? போ, போய் ஸ்கேட்டை மாட்டு."

லூக்கியும் சிரித்துவைத்தான். போன வருஷம் அவன் வேண்டுமென்றே தப்பாக எழுதி வாங்கிய மார்க் அது.

வெளியே வண்டியில் காபியோடு காத்திருந்தாள் நோரீன்.

"என்ன வந்துச்சு?"

"போன வருஷம் மாதிரியேதான்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "வெக்கமா இல்ல உனக்கு? எங்கிட்ட சத்தியம் பண்ணிட்டு, மறுபடியும் ஏமாத்திட்டு வந்து நிக்கிற!"

ஆமாம் என்று சொன்னால் போதும். ஒரு வாரம் திட்டித் தீர்ப்பாள். இன்னும் ஒரு வருஷம் ஆடிவிடலாம். அவள் திட்டட்டும் என்று ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது.

"இல்ல நோரீன்," என்றான். "நான் ஏமாத்தல."