நாலுக்கு நாலு

மூன்றாம் முறையும் போய்விட்டது. முதல் தடவை தோற்றால் அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் தடவை கேள்வித்தாள் மேல் பழியைப் போடலாம். மூன்றாம் தடவைக்குச் சொல்ல ஒரு காரணமும் மிச்சம் இருக்காது, கடைந்தெடுத்தாலும் கிடைக்காது. வணிக நிர்வாகம் படிக்கிறவர்களுக்குப் பொருளாதாரம் கட்டாயப் பாடம். மூன்று முயற்சிக்குள் தேறாதவர்களின் பெயரைக் கல்லூரி அடித்துவிடும். விளம்பரம், விற்பனை, ஆள் நிர்வாகம் என்று மற்ற எல்லாவற்றிலும் அவள் அறுபதுக்கு மேல்தான் வாங்கியிருந்தாள். வாங்கி என்ன? பொருளாதாரத்தில் பதினேழு.

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். அக்கா பெரியவள். இருவருக்கும் நடுவே இருபது மாதம்தான். ஆனாலும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பெயரை அடிப்பதற்கு முன் கல்லூரியில் ஒரு சடங்கு உண்டு. வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வரவேண்டும். திருத்திய விடைத்தாளைக் கால் மணி நேரம் பார்க்கவேண்டும். பார்த்தேன், திருப்தி என்று கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளை தோற்றதைப் பார்த்து எந்தப் பெற்றவருக்குத் திருப்தி வரும் என்று அந்தப் படிவத்தை எழுதிய புண்ணியவானை யாரும் கேட்டதில்லை.

தோற்றது தெரிந்த அன்று சின்னவள் அழுதாள். மறுநாள் அழவில்லை, பயந்தாள். அந்த விடைத்தாளின் முதல் எட்டுப் பக்கங்களை அக்கா பார்த்துவிடக் கூடாது. அது ஒன்றுதான் இப்போது அவளுக்கு வேண்டும். படிப்பு போனது போகட்டும்.

"அப்பா வரட்டும்மா. அவர் வந்தாப் போதும்" என்றாள் அம்மாவிடம்.

அப்பா பதினான்கு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குகிறவர். "காலைலேருந்து மேலதான் போறேன், இன்னும் ஒரு படி ஏறல" என்பது அவருடைய ஒரே நகைச்சுவை. இருபது வருடமாக அதையே சொல்கிறார். யாராவது ஒரு தாளை நீட்டி இங்கே என்று விரல் வைத்தால் அங்கே கையெழுத்துப் போடுவார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டார். அப்படிப்பட்ட மனிதர்தான் இப்போது சின்னவளுக்கு வேண்டியிருந்தது.

அம்மா வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னாள். "அப்பாவால வர முடியாது. லிஃப்டைச் சோதிக்க ஆளு வராங்களாம், இந்த வாரம் பூரா நகரக் கூடாதுன்னுட்டாங்க. பெரியவ அரை நாள் லீவு கேட்டிருக்கா."

சின்னவள் கத்தியை வாங்கி மிச்ச வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தாள்.

பெரியவள் மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் வேலை பார்த்தாள். வட்டமாக வரும் கண்ணாடியை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துகிற வேலை. ஒரு நாளைக்கு நாற்பது ஜோடி. அரை மில்லிமீட்டர் கூடினால் உள்ளே போகாது, குறைந்தால் நிற்காது. தேய்க்கும் சக்கரத்தில் விழும் தண்ணீரில் அவள் விரல் நுனிகள் எப்போதும் ஊறி வெளுத்திருக்கும். பள்ளியில் கணக்குப் பாடத்தில் அவளை அடிக்க ஆளில்லை. பள்ளி முடித்தபோது கையில் பணம் இல்லை, ஒரு வருடம் போகட்டும் என்றார்கள். சும்மா இருப்பானேன் என்று கடையில் சேர்ந்தாள். அந்த ஒரு வருடம் முடிவதற்குள் சின்னவளும் பள்ளியை முடித்துவிட்டாள். இருவரையும் சேர்த்து அனுப்ப வழியில்லை. வேலையில் இருக்கிறவளை எதற்கு எடுக்க வேண்டும், சும்மா இருக்கிறவள் போகட்டும் என்று ஆகிவிட்டது. யார் அப்படி முடிவு செய்தது என்று கேட்டால் அந்த வீட்டில் ஒருவரும் கை தூக்க மாட்டார்கள். முடிவு தானாக நடந்து வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டது.

காலை ஆறரை மணிப் பேருந்தில் அக்கா தங்கை இருவரும் ஒன்றாகத்தான் போவார்கள். அக்கா இறங்க நாற்பது நிமிடம் ஆகும். அந்த நாற்பது நிமிடமும் பொருளாதாரப் புத்தகம் அக்காவின் மடியில்தான் இருக்கும். அவள் கேள்வி கேட்பாள், சின்னவள் ஒப்பிக்க வேண்டும்.

"விலை ஏறினா குறைச்சலா வாங்குவாங்கன்னு போட்டிருக்கு. சரி. ஆனா கண்ணு தெரியாதவன் கண்ணாடி விலை ஏறிடுச்சுன்னு வாங்காம இருப்பானா? முட்டிக்கிட்டுத்தானே சாவான்?" என்று ஒரு நாள் கேட்டாள்.

மூன்று வாரம் கழித்துப் பேராசிரியர் அதே விஷயத்தை ஒரு மணி நேரம் பலகையில் வரைந்தார். எதைக் கேட்டாலும் பலகையில் ஒரு கோட்டை வளைத்துவிடுவார் என்பதால் மாணவர்கள் அவருக்கு வளைகோடு என்று பெயர் வைத்திருந்தார்கள். தேவை நெகிழ்ச்சி என்றார், நெகிழாத தேவை என்றார். வகுப்பே பேந்தப் பேந்த விழித்தது. பேருந்தில் அக்கா பேச்சுவாக்கில் சொன்னதுதான் அது என்று சின்னவளுக்கு உறைத்தபோது சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயிறு எரிந்தது. அதற்குப் பிறகு புத்தகத்தை எப்போது திறந்தாலும், இது என் இடம் இல்லை, இன்னொருத்தியின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்றே தோன்றியது. அந்த நினைப்போடு ஒருத்தி எங்கே உருப்பட?

மூன்றாம் பரீட்சையில் முதல் கேள்வி: வாய்ப்புச் செலவு என்றால் என்ன? உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக. நான்கு மதிப்பெண்.

எளிய கேள்விதான். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடுகிற அடுத்த நல்ல வாய்ப்பு எதுவோ, அதுதான் தேர்ந்தெடுத்ததன் உண்மையான செலவு. சினிமாவுக்குப் போனால் அந்த மூன்று மணி நேரப் படிப்பு போச்சு என்று எல்லோரும் எழுதுவார்கள். சின்னவளும் சினிமா என்றுதான் ஆரம்பித்தாள். ஒரு வரி எழுதி அடித்தாள். பிறகு, 'நான் கல்லூரிக்கு வந்ததன் வாய்ப்புச் செலவு என் அக்கா' என்று எழுதினாள்.

அதன் பின் பேனா நிற்கவில்லை. அக்காவின் பள்ளி மதிப்பெண்ணை எழுதினாள், பக்கத்தில் தன்னுடையதையும் எழுதினாள். நாற்பது ஜோடிக் கண்ணாடியை எழுதினாள். ஊறிய விரல்களை எழுதினாள். பேருந்தில் கேட்ட கேள்வியை எழுதினாள். இரண்டு முறை எழுந்து கூடுதல் தாள் வாங்கினாள். கண்காணிப்பாளர், பரவாயில்லையே, வெளுத்துக் கட்டுகிறாள் என்பதுபோல் பார்த்தார். எட்டாம் பக்கத்தில் முடிவுரை. 'இருந்த இரண்டில் பலன் அதிகம் தரக்கூடியதைக் கண்ணாடி தேய்க்க வைத்துவிட்டு, பலன் தராததை எங்கள் குடும்பம் படிக்க அனுப்பியது. இந்தத் தேர்வு தவறு. நான் படித்து முடித்தாலும் போன செலவுக்கு ஈடாகாது.' நிமிர்ந்தபோது மூன்று மணி நேரத்தில் முப்பத்தைந்து நிமிடம் மிச்சம் இருந்தது. மற்ற கேள்விகளுக்கு எழுபது மதிப்பெண்ணுக்கு மேல் இருந்தது. இரண்டாம் கேள்விக்கு அரைகுறையாக ஒரு வளைகோடு போட்டாள். அங்கங்கே நாலைந்து வரி எழுதினாள். மணி அடித்துவிட்டது.

இப்போது அந்தக் கட்டு கல்லூரி அலுவலகத்தில், கண்ணாடி போட்ட எழுத்தர் ஒருவரின் கையில் இருந்தது.

"பதினஞ்சு நிமிஷம். பேனா கூடாது. போன் கூடாது. கிழிக்கக் கூடாது" என்றார் எழுத்தர். கடைசி விதி எப்படி வந்தது என்பது அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

பெரியவள் கைப்பையைக் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கடையிலிருந்து நேராக வந்திருந்தாள். சட்டைக் கையில் வெள்ளைத் தூள் இருந்தது.

"கூட்டல்ல தப்பு விட்டிருப்பாங்க. எங்க கடைலயே தினம் ஒருத்தராவது வலது கண்ணு நம்பரை இடது கண்ணுக்கு எழுதி அனுப்புறாங்க" என்றாள் தங்கையிடம் தைரியமூட்டும் குரலில். "கடைசிலேருந்து பாத்துட்டு வரேன்."

"மொத்தம் மட்டும் பாருக்கா. போதும்" என்றாள் சின்னவள்.

"லீவு போட்டு வந்திருக்கேன். முழுசா பாத்துட்டுத்தான் போவேன்."

கண்ணாடியைச் சோதிக்கிற மாதிரியே ஒவ்வொரு தாளாக எடுத்து, விரல் வைத்துப் பார்த்தாள். கடைசிக் கேள்வி, இரண்டு. அதற்கு முந்தையது, பூஜ்யம். அதற்கு முந்தையது, மூன்று. உதடு அசைய மனத்துக்குள் கூட்டிக்கொண்டே பின்னாலிருந்து முன்னால் வந்தாள். சின்னவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு நிமிடம் ஆகியிருந்தது. இப்படியே மெதுவாகப் பார், மெதுவாகப் பார் என்று வேண்டிக்கொண்டாள்.

"இவ்வளவு வெத்துப் பக்கமா? இதெல்லாம் பஸ்ல எனக்குச் சொன்னியே. ஏன்டி எழுதல?"

"நேரம் பத்தலக்கா."

"மூணு மணி நேரமும் எங்க போச்சு?"

பதில் மேசை மேல் தடிமனாக இருந்தது. அக்கா அதை எடுத்தாள்.

முதல் வரியைப் படித்ததும் அவள் விரல் நின்றது. பிறகு நகர்ந்தது. கூட்டல் பார்க்கிற வேகம் போய்விட்டது. ஒவ்வொரு வரியாகப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு முறை தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். சின்னவளுக்கு அந்தத் தாளைப் பிடுங்கி வாயில் போட்டு மென்று விழுங்கிவிடலாம் போலிருந்தது. எழுதும்போது அக்காவுக்காகத்தான் எழுதுகிறோம் என்று நினைத்தாளே, அது எவ்வளவு பெரிய பொய் என்று இப்போது தெரிந்தது. தன் பாரத்தை இறக்கிவைக்க ஓர் இடம் தேடியிருக்கிறாள், அவ்வளவுதான்.

"நேரம் ஆச்சும்மா" என்றார் எழுத்தர்.

பெரியவள் தலை நிமிராமல் கையை மட்டும் உயர்த்தினாள். எழுத்தர் என்ன நினைத்தாரோ, சும்மா இருந்துவிட்டார்.

எட்டாம் பக்கம் முடிந்தது. அடியில் சிவப்பு மையில் வளைகோட்டின் கையெழுத்து இருந்தது. 'கருத்து மிகச் சரியாகப் பயன்படுத்தப்பட்டுள்ளது.' அதன் கீழே வட்டத்துக்குள் ஓர் எண்.

"நாலா?"

"ஆமாக்கா."

"எத்தனைக்கு?"

"நாலுக்கு."

பெரியவள் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது சும்மா... பரீட்சைக்கு ஒரு உதாரணம் கேட்டாங்க. ஏதோ எழுதினேன். சத்தியமா அப்படி நினைக்கலக்கா."

"நீ எழுதினதைத்தான் நானும் நினைச்சேன்" என்றாள் பெரியவள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "தினம் பஸ்லேருந்து இறங்கறப்ப நினைப்பேன். அப்புறம் என்னையே திட்டிக்குவேன். தங்கச்சி மேல பொறாமைப்படறியே, வெக்கமா இல்லையான்னு. பொறாமைன்னே நினைச்சுட்டேன். கணக்கு அதுதான்னு எனக்கு யாரு சொன்னா?"

சின்னவள் அக்காவின் கையைப் பிடித்தாள். அக்கா இழுத்துக்கொள்ளவில்லை, திரும்பப் பிடிக்கவும் இல்லை. ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. அழுதிருந்தால் கூடச் சேர்ந்து அழுதிருக்கலாம். அவளோ தாள்களை வரிசையாக அடுக்கி, ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்தி, எழுத்தரிடம் நீட்டினாள்.

எழுத்தருக்கு மனசு கேட்கவில்லை போலும். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "மறுமதிப்பீடுன்னு ஒண்ணு இருக்கும்மா. வேற ஒருத்தர் திருத்துவாங்க. மார்க் கூடினாலும் கூடும். படிவம் தரட்டுமா?"

"வேணாம் சார். சரியாத்தான் திருத்தியிருக்காங்க."

பேனாவை வாங்கி, திருப்தி என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். பையை எடுத்துக்கொண்டாள். அரை நாள் லீவில் இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருந்தது. ஆனாலும் கடைக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டு, பின்னால் வந்த தங்கைக்காக நிற்காமல் படியிறங்கிப் போனாள்.