புருவத்தையும் சேர்த்து

வாதம் முகத்தின் வலப்பக்கத்தை இழுத்துவிட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பூவம்மாளுக்கு வாய் நேராகிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. வலது புருவம் மட்டும் இறங்கினது இறங்கினதுதான். அது சரிந்து, கீழே இருந்த தோல் மடிந்து இமைமேல் தொங்கியது. எதிரே வருகிறவர்களைப் பார்க்கத் தலையை அண்ணாந்து தூக்கவேண்டும். அப்படித் தூக்கினால் யாரையோ மதிக்காமல் பார்ப்பதுபோல இருக்கும். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாயார், "என்ன கோவம் எங்க மேல?" என்று கேட்டுவிட்டாள். அதற்குப்பிறகு பூவம்மாள் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயசு.

ஐம்பத்தேழாம் வருஷம், கோடை லீவில், கிருஷ்ணகிரிப் பள்ளிக்கூடம் ஒன்றில் மெட்ராஸ் டாக்டர்கள் கண் முகாம் போட்டார்கள். ஓசூருக்கு வடக்கே, மைசூர் எல்லையை ஒட்டியிருந்த ஊரிலிருந்து புருஷன் முனிவேலோடு பஸ் ஏறி வந்தாள். பேர் எழுதுகிற இடத்தில், "தோலு கண்ண மறைக்குதுங்க" என்று மட்டும் சொன்னாள். அது பொய்யில்லை. ஆனால் அவள் வந்தது முகத்துக்காக. அதை முனிவேலிடம்கூடச் சொல்லவில்லை. இந்த வயசில் இது ஒரு கேடா என்று கேட்டுவிடுவானோ என்று கூச்சம்.

வகுப்பறையில் இரண்டு மேஜைகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்க வைத்தார்கள். மூலையில் பம்ப் ஸ்டவ்வில் கத்தியும் ஊசியும் கொதித்துக்கொண்டிருந்தன. நர்ஸ் சாந்தம்மா ஓட்டை போட்ட வெள்ளைத் துணியை முகத்தில் விரித்தாள். மரத்துப்போகிற ஊசி இமையிலும் புருவத்திலும் சுருக்கென்று ஏறியது.

டாக்டர்கள் இரண்டு பேர். நோயாளிகளிடம் தமிழில் பேசினார்கள், தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். பூவம்மாளின் தெருவில் பாதி வீடு தெலுங்குக்காரர்கள் வீடு. அவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

"இமைத் தோலை நன்றாக வெட்டி எடுத்துத் தைத்துவிடு. பத்து நிமிஷ வேலை" என்றார் பெரிய டாக்டர்.

"இமையில் தோல் அதிகமில்லை, சார். புருவம் இறங்கியதால்தான் தொங்குகிறது" என்றார் சின்னவர். "இமையில் மட்டும் அவ்வளவு தோலை எடுத்தால் கண் மூடாது. ஏற்கெனவே வாதம் வந்த பக்கம். திறந்தே கிடந்தால் விழி காய்ந்து புண்ணாகும். புருவத்தை மேலே ஏற்றிவிட்டு, அப்புறம் இமையில் கொஞ்சமாக எடுக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யவேண்டும்."

"புருவம் அழகுக்கு. வெளியே முப்பது பேர் கண் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த அம்மாள் ஒன்றும் அழகு கேட்டு வரவில்லையே."

தட்டிலிருந்து கத்தியை எடுக்கிற சத்தம் கேட்டது. வாயைத் திறந்தால் மானம் போகும், திறக்காவிட்டால் கண் போகும். கத்தி இமையைத் தொடுவது வலியில்லாத ஒரு அழுத்தமாகத் தெரிந்தது. அவள் கையைத் தூக்கினாள். சாந்தம்மா மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினாள்.

"நில்லுங்க" என்றாள் பூவம்மாள், தெலுங்கில். "நான் அழகுக்கும்தான் வந்தேனுங்க."

கத்தி இமையை விட்டு விலகியது.

"தெலுங்கு தெரியும் என்று ஏன் சொல்லவில்லை?" பெரிய டாக்டரின் குரல் கடுத்தது.

"நீங்க கேக்கலைங்க."

"சரி, எறங்கும்மா. அடுத்த ஆளை வரச் சொல்லு, சாந்தம்மா."

பூவம்மாள் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எறங்க மாட்டேனுங்க. கண்ணு மூடாத மாதிரி அறுக்கவும் விடமாட்டேன்."

சின்னவர் தணிந்த குரலில், "மருந்து போட்டாகிவிட்டது, சார்" என்றார்.

பெரியவர் முகத்துணியை எடுத்தார். அவளை உட்காரவைத்தார். ஒரு கட்டைவிரலால் புருவத்தை இருந்த இடத்திலேயே அழுத்திப் பிடித்து, தான் வெட்ட நினைத்த அளவு தோலை இடுக்கியால் கவ்வினார். "மூடு" என்றார்.

அவள் மூடினாள். மூடிய பிறகும் வலது கண்ணில் ஓட்டுக்கூரை தெரிந்தது.

"மூடிட்டியா?"

"மூடிட்டேனுங்க. கூரை தெரியுதுங்க."

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இடுக்கியை விட்டார். "மை கொடு" என்று சின்னவரிடம் கை நீட்டி, புருவ மயிரை ஒட்டி மேலே ஒரு கோடு, அதற்கு மேல் இன்னொரு கோடு இழுத்தார். "படும்மா. ஆடக்கூடாது."

புருவத்துக்கு மேல் புளிய இலை நீளத்துக்குத் தோலை எடுத்துத் தைத்தார்கள். இமையில் எடுத்தது நூல் அகலம்தான். கடைசித் தையல்களுக்குள் மருந்து தெளியத் தொடங்கிவிட்டது. ஊசி நுழைகிறது, நூல் இழுபடுகிறது, எல்லாம் தெரிந்தது. முந்தானையைக் கடித்துக்கொண்டு கல்லாகக் கிடந்தாள். "இன்னும் ரெண்டே தையல்" என்றார் பெரியவர், இந்தத் தடவை அவளிடமே தெலுங்கில்.

வெளியே முனிவேல் கட்டைப் பார்த்துவிட்டு, "இம்மாம் பெரிய கட்டா? தோலுதானே எடுக்கறதா சொன்னாங்க?" என்றான். அவள் நடந்ததைச் சொன்னாள், தான் எதற்கு வந்தாள் என்பதையும் சொன்னாள்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா கூட்டியாந்திருப்பீங்களா?"

அவன் போய்ச் சூடாகக் காப்பி வாங்கிவந்து கையில் கொடுத்தான்.

ஆறு நாள் பள்ளிக்கூடத்திலேயே பாயில் கிடந்தாள். முகம் பூசணிக்காயாக வீங்கி நீலம் பாரித்தது. கட்டுக்குள் கண் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. விரலால் தடவிப் பார்க்கப் போனபோதெல்லாம் சாந்தம்மா அதட்டினாள்.

ஆறாம் நாள் பெரிய டாக்டரே தையல் பிரித்தார். "மூடு" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தார். "வெளிச்சம் எங்காவது கீத்தாத் தெரியுதா?"

"இல்லீங்க. இருட்டா இருக்குது."

"திற."

திறந்தாள். தலையைத் தூக்காமலே அவர் முகம் முழுதும் தெரிந்தது. களைத்துப்போன முகம். "தழும்பு புருவ மயிர்ல மறைஞ்சிடும். ஆனா அந்தப் புருவம் ஒரு நெல்லு அளவு மேலே நிக்கும். அதுக்கு மேல நம்மால ஆகாது" என்றார்.

சாந்தம்மா கொடுத்த கண்ணாடியில் பார்த்தாள். வாதத்துக்கு முன்னால் இருந்த முகம் அது இல்லை. வலப்பக்கம் எதையோ கேட்டுத் திகைத்தமாதிரி இருந்தது. கோபம் இல்லை.

ஓசூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முனிவேல் அவள் வலப்பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு வருஷமாக அந்தப் பக்கத்தில் அவள் யாரையும் உட்காரவிட்டதில்லை. எதிரே வந்த லாரி புழுதியை வாரி இறைத்தபோது இரண்டு கண்ணும் ஒன்றாக மூடிக்கொண்டன. புழுதி அடங்கியதும் முனிவேல் அவளைப் பார்த்தான்.

"வலிக்குதா?"

"இழுக்குது. வலி இல்ல."

"அடுத்த மாசம் எங்க அக்கா பேத்திக்குக் காது குத்தறாங்க" என்றான் அவன். "போவுலாமா?"

"போவுலாம்" என்றாள்.