கண்ணாடிக்காரர் ஏறிய பெட்டி

மாதத்தில் இருபது நாள் வெளியூரில் இருக்கிற பெண் அவள். ஆஸ்பத்திரிகளில் சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது வேலை. எந்த ஊரில் எந்த இயந்திரம் மக்கர் பண்ணினாலும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுவாள். அதனால் அலுவலகத்தில் அவள் பெயரே சக்கரம். ஒன்பது வருடமாக இதே ஓட்டம்.

அந்தச் சக்கரம் ஒரு வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் இடறியது. கணுக்கால் சுளுக்கிப் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட, பத்து நாள் வீட்டை விட்டு நகரக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் அவள் கணவருக்கு வெளியூர்ப் பயணம் வந்தது.

கணவர் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டி ஃபிரேமில் பொருத்துகிறவர். தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். வீட்டிலிருந்து கடைக்கு எட்டு நிமிட நடை. கல்யாணமாகிப் பதின்மூன்று வருடத்தில் வேலைக்காக அவர் ரயில் ஏறியதே இல்லை. முதலாளி தொலைவில் ஒரு மலையடிவார ஊரில் புதுக் கிளை திறந்திருந்தார். திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர் கண்ணாடி வாங்க அங்கே வருகிறார்கள். அங்கிருந்த இரண்டு பேருக்கும் லென்ஸ் வெட்டும் மெஷினைத் தொடவே பயம்.

"மூணு நாள் இருந்து சொல்லிக் குடுத்துட்டு வாங்க. உங்களை விட்டா ஆள் இல்லை" என்றார் முதலாளி.

ஞாயிறு மத்தியானம் மூட்டை கட்டும் படலம் தொடங்கியது. சக்கரம் சோபாவில் சாய்ந்து, தலையணை மேல் காலை வைத்துக்கொண்டு உத்தரவு போட்டாள்.

"மூணு நாளைக்கு நாலு பேன்ட் எதுக்குங்க?"

"ஒண்ணு கெட்டுப் போச்சுன்னா?"

"பேன்ட் என்ன பாலா, கெட்டுப் போறதுக்கு? ரெண்டை எடுத்து வைங்க. மடிக்காதீங்க, சுருட்டுங்க. சுருட்டினா கசங்காது, இடமும் மிச்சம். கனமான ஷூவைக் கால்ல போட்டுக்கங்க, செருப்பைப் பையில போடுங்க."

அவள் தன் அனுபவத்தையெல்லாம் திரட்டி, நாற்பது குறிப்புகளாகப் போனில் எழுதி அவருக்கு அனுப்பியிருந்தாள். பன்னிரண்டு வயது மகள் அதை வாத்தியார் குரலில், அப்பாவை மாணவனாக்கிப் படித்தாள்.

"ஒன்பது. டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோ. நெட்டு இல்லாத இடத்துல செயலி திறக்காது. பத்து. போற ஊரோட மேப்பை வீட்டுலயே இறக்கி வெச்சுக்கோ. பதினொண்ணு. ரூம் கதவை நம்பரோட போட்டோ எடு. இல்லைன்னா அடுத்தவங்க ரூமைத் தட்டுவே. அம்மா, நீ தட்டியிருக்கியா?"

"மேல படி."

"பதினேழு. ரயில் ஏறினதும் போனை 'தொந்தரவு வேண்டாம்'ல போடு. நிம்மதியாத் தூங்கலாம். பதினெட்டு. இருக்கிற இடத்தை வீட்டுக்குப் பகிரு."

கண்ணாடிக்காரர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. ஒவ்வொன்றாகச் செய்து, செய்ததற்கு எதிரே டிக் போட்டார். பவர் பேங்க் ஏறியது, மேப் இறங்கியது, குடும்பக் கணக்கில் ஏற்கெனவே இணைந்திருந்த மூவர் போனிலும் அவர் இருக்கும் இடம் தெரியத் தொடங்கியது. மனைவி தலையைத் திருப்பிய நேரத்தில், தன் குட்டி ஸ்க்ரூ டப்பாவையும் திருப்புளியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது எந்தக் குறிப்பிலும் இல்லை.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு ரயில் கிளம்பியது. வீட்டில் அம்மாவும் மகளும் சாப்பாட்டு மேஜையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, மேப்பில் ஊர்ந்த நீலப் புள்ளியைப் பார்த்தபடியே டிபன் சாப்பிட்டார்கள். பள்ளிக்கு அன்று விடுமுறை. எட்டேகாலுக்குப் புள்ளி ஒரு பெரிய ஸ்டேஷனில் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் நகர்ந்தது.

"அம்மா, மலை இந்தப் பக்கம்தானே இருக்கு? அப்பா ஏன் அந்தப் பக்கம் போறாரு?"

சக்கரத்துக்குக் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. முன்பதிவு இல்லாத அந்த ரயில் அந்த ஸ்டேஷனில் இரண்டாகப் பிரியும். முன்னால் இருக்கும் ஆறு பெட்டிகள் மலைப்பக்கம் போகும். பின்னால் இருப்பவை வேறு திசையில் போகும். அவள் எத்தனையோ முறை போன தடம். யோசிக்காமலே கால் முன்பெட்டிக்குப் போய்விடும். அதனாலேயே அதை ஒரு குறிப்பாக எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. ரூம் கதவைப் போட்டோ எடுக்கச் சொன்னவள், ரயில் பிரியும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டாள்.

"ஐயோ, பின்பெட்டியில ஏறிட்டாரு!"

அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். அப்போதும் இல்லை.

"பதினேழாவது குறிப்பும்மா" என்றாள் மகள்.

சக்கரத்துக்கு வியர்த்துவிட்டது. எழுந்து நடக்கலாம் என்றால் கால் ஒத்துழைக்கவில்லை. புள்ளி அது பாட்டுக்குத் தப்பான திசையில் போய்க்கொண்டிருந்தது. உட்கார்ந்த இடத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"எப்படிடி இருக்கு இது, இப்படிப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கிறது!"

"நாங்க டெய்லி பார்க்குறோம்" என்று சாதாரணமாகச் சொன்னாள் மகள். "சில நாள் நீ சார்ஜ் போகுதுன்னு புள்ளியை அணைச்சுடுவே இல்ல? அன்னிக்கு நீ ரூமுக்கு வந்துட்டேன்னு சொல்ற வரைக்கும் அப்பா சாப்பிட மாட்டாரு. கேட்டா பசிக்கலைம்பாரு."

சக்கரம் டிபன் தட்டை ஒதுக்கி வைத்தாள். மகளை ஒருமுறை பார்த்துவிட்டு, போனைக் கையில் எடுத்தாள். தொலைந்த போனைத் தேடும் செயலி ஒன்று உண்டு. போனை எந்த அமைதியில் போட்டிருந்தாலும் அது கத்த வைத்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

ரயிலில் கண்ணாடிக்காரர் தூங்கவில்லை. எதிர் இருக்கை அம்மாளின் மூக்குக் கண்ணாடியின் காதுக் கம்பி கழன்று தொங்குவதைப் பார்த்தவர், கை சும்மா இருக்காமல் வாங்கிச் சரிசெய்துகொண்டிருந்தார். அரிசி நொய்யில் பாதி அளவு ஸ்க்ரூ. அதை விரல் நுனியில் ஏந்தி, மூச்சை அடக்கித் துளைக்குள் வைக்கப் போன கணத்தில் சட்டைப் பை ஆம்புலன்ஸ் மாதிரி அலறியது. மேல் பலகையில் தூங்கியவர் "தீயா?" என்று எழுந்து தலையை இடித்துக்கொண்டார். ஸ்க்ரூ போன இடம் தெரியவில்லை. அலறலை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் கண்ணாடிக்காரர் போனை மடியில் அமுக்கினார். பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண்தான் வாங்கி நிறுத்தினாள். உடனே அழைப்பு வந்தது.

"என்னங்க, நீங்க தப்பான பக்கம் போய்க்கிட்டு இருக்கீங்க!"

"இரும்மா, ஸ்க்ரூ விழுந்துடுச்சு."

"ஸ்க்ரூவை விடுங்க! ரயில் ரெண்டாப் பிரிஞ்சுடுச்சு. நீங்க பின்பக்கம் இருக்கீங்க. சொல்லாம விட்டது என் தப்புதான்."

அவர் முகம் வெளுத்தது. "முப்பத்தெட்டுப் பிள்ளைங்கம்மா. பதினோரு மணி."

"பதறாதீங்க. நான் பார்க்கிறேன்."

மகளின் போனையும் வாங்கிக்கொண்டு அவள் செயலி செயலியாகத் திறந்தாள். அடுத்த ஸ்டேஷன் எட்டு ஐம்பத்திரண்டுக்கு. அங்கிருந்து திரும்புகிற ரயில் பத்தே முக்காலுக்கு. பஸ் செயலி அந்த ஊரே தனக்குத் தெரியாது என்றது. வாடகைக் கார் செயலி வட்டம் சுற்றிச் சுற்றி, பக்கத்தில் வண்டி எதுவும் இல்லை என்று கையை விரித்தது. ஒன்பது வருடத்தில் எந்த ஊரிலும் மாட்டிக்கொள்ளாதவள், சொந்தப் புருஷனைக் கொண்டுபோய் மாட்டிவிட்டோமே என்று உதட்டைக் கடித்தாள்.

பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த எதிர் இருக்கை அம்மாள் கையை நீட்டினாள். "யாரு தம்பி, வீட்டுலயா? போனை இப்படிக் குடுங்க." வாங்கிக் காதில் வைத்தாள். "இந்தாம்மா, அழுவாத."

"நான் அழலைங்க."

"சரி. நான் அடுத்த ஸ்டேஷன்ல நாத்துப் பண்ணை வெச்சிருக்கேன். பூச்செடி, பழக்கன்னு எல்லாம். என் நாத்தனா வேன் எடுத்துக்கிட்டு வரா. அந்த மலையடிவாரத்துக்குக் காட்டு வழியா ஒரு மண் ரோடு உண்டு. ஒன்றரை மணி நேரத்துல கொண்டு போய் விடச் சொல்றேன். ஆனா முதல்ல உன் வீட்டுக்காரரு என் கண்ணாடியை மாட்டித் தரணும். எனக்கு இறங்குற படி தெரியாது."

கண்ணாடிக்காரர் ஸ்க்ரூ டப்பாவை எடுத்தார். விழுந்ததைத் தேட மூன்று பேர் ஏற்கெனவே போன் வெளிச்சத்தோடு தரையில் குனிந்திருந்தார்கள். அவர்கள் நிமிர்வதற்குள் புது ஸ்க்ரூ ஏறிவிட்டது. அம்மாள் கண்ணாடியை மாட்டி, அவரை ஏற இறங்கப் பார்த்து, "வயசு கொஞ்சம் கூடவோன்னு நினைச்சேன், பரவாயில்லை" என்றாள். பெட்டியே சிரித்தது.

ஒன்பது மணிக்கு மேல் மேப்பில் புள்ளி பாதையே இல்லாத பச்சைக்குள் நுழைந்தது.

"அம்மா, அப்பா ரோடே இல்லாத இடத்துல போறாரு!"

"போகட்டும்."

பத்தே காலுக்குப் புள்ளி நின்றது. ஐந்து நிமிடம் ஆயிற்று, எட்டு நிமிடம் ஆயிற்று. சக்கரம் மூன்று முறை போனை எடுத்து மூன்று முறையும் கீழே வைத்தாள். வேனை ஆடுகள் மறித்தனவோ, டயர் சேற்றில் இறங்கியதோ! மகள் நகத்தைக் கடித்தாள். பன்னிரண்டாவது நிமிடம் புள்ளி ஒரு துள்ளு துள்ளி ஓடத் தொடங்கியபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "யாரு ஜெயிச்சா?" என்று கேட்டார்.

பத்து ஐம்பத்தாறுக்கு ஒரு போட்டோ வந்தது. புதுக் கடை வாசலில் கண்ணாடிக்காரர் நின்றார். தலையில் இலை, சட்டையெல்லாம் செம்மண், முகம் முழுக்கச் சிரிப்பு. கீழே, "வேன் நடுவுல நின்னுச்சு, தள்ளினேன். நாத்தனா ரொம்ப நல்லா ஓட்டுறாங்க. சாப்பிட்டியா?" என்று எழுதியிருந்தார்.

சக்கரம் அந்தக் கடைசி வார்த்தையை இரண்டு தடவை படித்தாள். மூன்று மணி நேரமாகத் தொடாமல் காய்ந்து கிடந்த டிபனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் அன்று சாயங்காலத்துக்குள் கண்ணாடி மாட்டியாயிற்று. கடைசியாக வந்த பொடிப் பெண் ஒருத்தி சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் குதித்தாளாம். அதை அவர் போனில் இரண்டு முறை சொன்னார். மெஷினைத் தொடப் பயந்த இரண்டு பேரும் புதன்கிழமை மாலைக்குள் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தாங்களே லென்ஸ் வெட்டினார்கள்.

வியாழன் மத்தியானம் அவர் திரும்பினார். எத்தனையோ ஊரிலிருந்து வந்திருக்கிறாள் சக்கரம். ஒருமுறைகூட யாரையும் ஸ்டேஷனுக்கு வர விட்டதில்லை. 'எதுக்கு அலையறீங்க, செயலியில வண்டி போட்டு வந்துடறேன்' என்பாள். அவள்தான் இன்று ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் மகளின் தோளுமாகப் பிளாட்பாரத்தில் நின்றாள். இறங்கியவர் திகைத்துப் போனார்.

"கால் வலியோட எதுக்கு வந்தே?"

"சும்மாதான். இனிமே நான் வந்தாலும் நீங்க ரெண்டு பேரும் வரணும், சொல்லிட்டேன்."

அவர் அவளைக் கைத்தாங்கலாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அடுத்த மாசம் இன்னொரு கிளை திறக்கறாங்க. போறேன்னு சொல்லிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காமலா?"

"நீ என்னிக்குக் கேட்டே?"

மகள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ வீட்டுல என்கூட யாரு இருப்பா?"

"நாட்காட்டியைத் திறங்க" என்றாள் சக்கரம். இரண்டு போன்களும் மகள் மடியில் அருகருகே வந்தன. அவர் போக வேண்டிய புதன், வியாழன் அவளுக்குக் காலி. அந்த வாரத்தில் அவளுடைய ஆஸ்பத்திரி வேலையும் குறைவு. எல்லாம் ஒத்து வந்தது, ஒரு செவ்வாய்க்கிழமையைத் தவிர.

"நீங்க விட்டுக் குடுங்க."

"பத்து ஊருக்குப் போனவ நீ விட்டுக் குடேன்."

"பத்தா? ஒரு மாசத்துல பத்து!"

அடுத்த ரயில் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போன பிறகும் அந்தச் செவ்வாய்க்கிழமை யாருக்கு என்று முடிவாகவில்லை. மகள் இரண்டு போனையும் வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, "முதல்ல வீட்டுக்குப் போகலாம், எனக்குப் பசிக்குது" என்று எழுந்தாள்.