தவளைகளும் துடைப்பங்களும்

கணவன் ஃப்ளோரியனின் அந்த நடனக் காலணிகளைப் பெர்னிஸ் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். அலமாரியின் அடித்தட்டில், குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால். இப்போது நடனக் கூடத்தில், மேசைக்கடியிலிருந்து ஒரு காகிதப் பையை ஃப்ளோரியன் கைத்தடியால் கொக்கி போட்டு மேலே இழுத்தான். பைக்குள்ளிருந்து அவைதான் வெளியே வந்தன. பாலிஷ் போட்டிருந்தது.

“எங்க கிடைச்சுது?”

“போர்வைக்குப் பின்னால. குளிருதுன்னு யாரோ உள்ள தள்ளி வச்சிருந்தாங்க.”

அவள் சிரிக்கவில்லை. அவன் காலை நீட்டினான்.

“நாடாவைக் கட்டி விடு.”

புது இடுப்பு வைத்ததிலிருந்து அவனால் குனிய முடியாது. இந்த வசந்தத்தில்தான் அறுவை சிகிச்சை நடந்தது. இடது மூட்டை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். நடக்கலாம், படி ஏறலாம், பனி விழும்வரை துள்ளக் கூடாது என்றார் மருத்துவர். துள்ளினால் கழன்று வந்துவிடலாம். பெர்னிஸ் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி கேட்டாள். அவர் மறுபடி அதையே சொன்னார். ஃப்ளோரியனின் காதில் ‘நடக்கலாம்’ மட்டும் விழுந்தது.

“முதல் பாட்டு மட்டும்,” என்றான்.

“முடியாது.”

“நீ கட்டலன்னா விவியனைக் கூப்பிடுவேன். அவளுக்கு ரொம்ப நாளா என் மேல ஒரு கண்ணு.”

கூடத்தின் சொந்தக்காரி விவியன் கல்லாவுக்குப் பின்னால் பிராந்தி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் கட்டி விடுவாள், கேள்வி கேட்க மாட்டாள். பெர்னிஸ் மண்டியிட்டாள். இரட்டை முடிச்சுப் போட்டாள். தோல் அடிப்பாகம் அவள் விரலில் வழுக்கியது.

மேடையில் கான்செர்டினா என்ற கைத்துருத்தி வாத்தியத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ட்ரம்பெட்காரர்கள் உதட்டை நனைத்தார்கள். சனிக்கிழமை மதியம். வெளியே சோளக்கொல்லையை ஒட்டிய புல்தரை முழுக்க வண்டிவீடுகள். விஸ்கான்சின் மாநிலத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்திருந்தார்கள். ஜோடி ஜோடியாக ஒரே துணியில் சட்டையும் பாவாடையும்.

கூடத்தில் இரண்டு கட்சி. கான்செர்டினா கட்சி போலந்துக்காரர்கள். அவர்கள் துள்ளி ஆடுவார்கள். அக்கார்டியன் கட்சி ஸ்லோவேனியாக்காரர்கள். அவர்கள் வழுக்கி ஆடுவார்கள். முதல் கட்சிக்கு இரண்டாவது கட்சி வைத்த பெயர் தவளைகள். இரண்டாவதுக்கு முதலாவது வைத்த பெயர் துடைப்பங்கள். இசையில் எது உசத்தி என்பது இதுவரை தீரவில்லை, இனியும் தீராது. அடிதடி வரை போனது பவுடரால்தான். வழுக்கி ஆட, கேரம் பலகையில் தூவுவதுபோல் மரத்தளத்தில் பவுடர் தூவ வேண்டும். தூவிய தளத்தில் துள்ளினால் விழ வேண்டியதுதான். தளத்தில் பாதிக்கு மட்டும் தூவலாம் என்று ஒருவர் ஒரு வருடம் யோசனை சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். போல்கா நடனம் கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஆடப்படுவது முதல் பாட்டு தொடங்கிய பிறகுதான் அவர்களுக்கு நினைவு வந்தது.

அதற்குப் பிறகு விவியன் ஒரு விதி போட்டாள். கான்செர்டினாக் குழு இறங்கும்வரை பவுடர் டப்பா திறக்கக் கூடாது. தவளைகள் சார்பில் ஃப்ளோரியனும் துடைப்பங்கள் சார்பில் லூடியும் கைகுலுக்கினார்கள். பவுடர் போட்ட தளத்தில் செத்தாலும் கால் வைக்க மாட்டேன் என்று ஃப்ளோரியன் அப்போதே சத்தியம் செய்திருந்தான். அதைக் காப்பாற்றியும் வந்தான். தங்கை மகள் கல்யாணத்தில் பவுடர் போட்டார்கள் என்று வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவன்.

முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்தபோது பெர்னிஸுக்கு அந்தப் படிக்கட்டு நினைவு வந்தது.

“எங்க போற?”

“காத்தாட.”

லூடி தன் வண்டிவீட்டு நிழலில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தான்.

“யாரு, தவளை பெண்டாட்டியா? தண்ணிய விட்டு வெளிய எப்படி வந்தே?”

“லூடி, எனக்கு ஒரு உதவி வேணும்.”

“மூஞ்சியப் பாத்தா ஆம்புலன்ஸ் வேணும்போலத் தெரியுது.”

“பவுடரை இப்பவே போட்டுடு.”

இடுக்கி அப்படியே நின்றது.

“உங்க ஆளுங்க இன்னும் வாசிக்கவே ஆரம்பிக்கலையே.”

“அதான். ஆரம்பிக்கறதுக்கு முன்னால.”

“பேசுறது யாரு? போன வருஷம் ஒரு பிடி முன்னாடியே தூவிட்டேன்னு என் டப்பாவைப் பிடுங்கிக்கிட்டு ஓடினது யாரு?”

“நான்தான்.”

அவள் காலணியைப் பற்றிச் சொன்னாள். மருத்துவர் சொன்னதைச் சொன்னாள். உள்ளே கான்செர்டினா ஒரு வரி வாசித்து நின்றது. அவள் பேச்சு வேகமானது.

“பவுடர் இருந்தா அவன் நாற்காலிய விட்டு எழுந்திருக்க மாட்டான். உனக்கே தெரியும்.”

“தெரியாமயா? கல்யாண வீட்டுல படிக்கட்டுக்குத் தட்டு கொண்டுபோய்க் குடுத்ததே நான்தான்.”

“அப்போ போடு.”

“அவன்கிட்ட நீயே சொல்லேன், பெர்னிஸ்.”

“என்னன்னு? விழுந்துடுவேன்னா? சொன்னா இன்னும் ரெண்டு துள்ளு சேத்துத் துள்ளுவான்.”

லூடி சாசேஜைப் புரட்டினான். அது ஏற்கெனவே கருகியிருந்தது.

“விவியன் திட்டுவா. திட்டட்டும். அம்பது தவளை ஒண்ணாக் கத்தும். கத்தட்டும். ஆனா அவன்கிட்ட நான் கை குடுத்திருக்கேன்.”

“நான் கேட்டேன்னு அவனுக்குத் தெரியக் கூடாது.”

“ஓ. அந்த அசிங்கமும் எனக்கேவா?”

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவன் இவன்தான். கான்செர்டினா இசையாகத் தேடி ஒரு ஒலிநாடா வாங்கி வந்திருந்தான். இந்தச் சத்தத்தைக் கேட்டாவது எழுந்து ஓடிடுவே என்றான். ஃப்ளோரியன் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தான். இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் திட்டாத வருடம் எப்படி இருக்கும் என்று அவள் யோசித்துப் பார்த்ததில்லை.

“டப்பா உள்ள இருக்கு,” என்றான் லூடி. “எடுத்துட்டு வா. என் கையெல்லாம் எண்ணெய்.”

டப்பாவின் மூடி சரியாக மூடவில்லை. தூக்கியபோது அவளுடைய கருநீலப் பாவாடையில் கொட்டியது. தட்டினாள். இன்னும் பரவியது. உள்ளே ட்ரம்பெட்டுகள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தன.

“சீக்கிரம், லூடி.”

அவன் மேடைப் பக்கக் கதவு வழியாக உள்ளே போனான். அவள் எதிர்க் கதவைச் சுற்றி ஓடினாள். அவள் நுழையும்போது லூடி பாதித் தளத்தை முடித்திருந்தான். கோழிக்குத் தீனி போடுகிறவன்போல் விசிலடித்துக்கொண்டு, அள்ளி அள்ளி வீசிக்கொண்டு போனான்.

முதலில் ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பிறகு கூடம் மொத்தமும் பேசியது.

“ஏய், துடைப்பம்! மணி பாக்கத் தெரியாதா?”

“விவியன், அவனப் பிடி!”

“வயசானா இப்படித்தான். என்ன குழுன்னுகூடத் தெரியாம தூவுறான்.”

லூடி விசிலை நிறுத்தவில்லை. மேடைக்கு முன்னால் கடைசிப் பிடியை வீசினான்.

பெர்னிஸ் தங்கள் மேசையைப் பார்த்தாள். ஃப்ளோரியன் உட்கார்ந்திருந்தான். முகம் சிவந்திருந்தது. கைகள் மேசைமேல் இருந்தன. அவன் எழமாட்டான். இன்று முழுக்கத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பான். அவள் மூச்சை விட்டாள்.

அவன் எழுந்தான்.

அவள் ஆட்டத்தைப் பற்றி மட்டும்தான் யோசித்திருந்தாள். கோபத்தைப் பற்றி யோசிக்கவில்லை. ஃப்ளோரியன் மேசையைச் சுற்றி வந்தான். சத்தியம் செய்ததை மறந்தான். நேராகப் பவுடர்மேல் கால் வைத்து, கூடத்தின் குறுக்கே லூடியைப் பார்த்து நடந்தான். கைத்தடி நாற்காலியில் தொங்கியது.

அவள் வாயைத் திறந்து மூடினாள். கூப்பிட்டால் திரும்புவான். சட்டென்று திரும்பவும் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

“வார்த்தைன்னா என்னன்னு தெரியுமாடா உனக்கு?” அவன் குரல் கூடத்தின் நடுவிலிருந்து வந்தது. “கை குடுத்தியேடா, முட்டாப்பயலே!”

“அங்கயே நில்லுடா,” என்றான் லூடி. அவன் விசில் நின்றுவிட்டிருந்தது. “ஃப்ளோரியன், நில்லு!”

“நீ யாருடா என்னை நிக்கச் சொல்ல?”

இடது கால் முன்னே போனது. உடம்பு போகவில்லை. அவன் இரண்டு கைகளும் மேலே எழுந்தன. பெர்னிஸ் ஒரு மேசை விளிம்பைப் பிடித்தாள். யாருடைய பியரோ அவள் கைமேல் வழிந்தது.

லூடி டப்பாவைப் போட்டான். ஓடவில்லை. ஓடியிருந்தால் அவனும் விழுந்திருப்பான். தளத்தை விட்டுக் காலை எடுக்காமல், நீளமாக ஒரே இழுப்பில் வழுக்கி வந்து ஃப்ளோரியனின் அக்குளுக்குக் கீழே பிடித்தான்.

அதே நேரம் கான்செர்டினா தொடங்கியது. பெல்ட்டை மாட்டிக் கண்ணை மூடியிருந்த கலைஞன் எதையும் பார்த்திருக்கவில்லை. எப்போதும் முதலில் வாசிக்கும் அந்தப் பாட்டைத்தான் வாசித்தான். துடைப்பங்கள் பவுடரைக் கண்டு உடனே இறங்கின. தவளைகள் கொஞ்சம் தயங்கின. ட்ரம்பெட் சேர்ந்ததும் அவர்களாலும் உட்கார முடியவில்லை. ஜோடிகள் வட்டமாகச் சுற்றத் தொடங்கின. நடுவில் இரண்டு கிழவர்கள் ஒருவரையொருவர் பிடித்தபடி நின்றார்கள். கூட்டம் முட்டியது. நிற்க வழியில்லை, வெளியே வரவும் வழியில்லை. லூடி ஃப்ளோரியனின் முதுகில் கையைப் போட்டு வட்டத்துக்குள் இழுத்தான்.

பெர்னிஸ் கைத்தடியை எடுத்துக்கொண்டு தளத்தின் ஓரத்துக்கு வந்தாள். அவர்கள் சுற்றி வந்தார்கள்.

“—விடுடா என்னை!”

“விட்டா விழுவ. காலைத் தூக்காத. தேய். தேய்டா!”

கடந்து போனார்கள். முதுகுகள் மறைத்தன. ஃப்ளோரியனின் சிவப்புக் கையில்லா மேலங்கி தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலணியைத்தான் பார்த்தாள். அது தளத்திலேயே இருந்தது. மறுபடி வந்தார்கள்.

“—இது போல்காவாடா? பெருக்கறதுடா இது!”

“பெருக்கு. வாய மூடிக்கிட்டுப் பெருக்கு.”

பாட்டின் மூன்றாம் பகுதி வந்தது. ட்ரம்பெட்டுகள் இரண்டும் உச்சத்துக்குப் போகும் இடம். கால் உள்ள தவளை எதுவும் அங்கே துள்ளாமல் இருந்ததில்லை. கூடத்தின் மறுகோடியில் ஃப்ளோரியனின் தோள் எழும்புவதைப் பார்த்தாள். அவளுக்கு அந்தத் தோள் தெரியும். அது எழும்பினால் அடுத்தது குதிகால். கைத்தடி அவள் நெஞ்சோடு அழுந்தியது. லூடிக்கும் தெரிந்திருக்க வேண்டும். தன் மொத்த எடையையும் அந்தத் தோள்மேல் போட்டான், தூங்குகிறவன்போல். தாடை ஃப்ளோரியனின் கழுத்தில் பதிந்தது.

தோள் இறங்கியது.

மூன்றாம் முறை வந்தபோது இருவருக்கும் மூச்சிரைத்தது.

“—அந்த ரெண்டாவது ட்ரம்பெட்டக் கேட்டியா?” என்றான் ஃப்ளோரியன்.

“கேட்டேன். புது ஆளு.”

“எப்படி?”

“ஊதுறான்.”

“வாயத் தொறந்து சொல்லுடா.”

“நல்லா ஊதுறான்டா! போதுமா? நல்லாத்தான் ஊதுறான்!”

கடைசிச் சுற்று வந்தது. லூடியின் தோளுக்கு மேலாக ஃப்ளோரியன் அவளைப் பார்த்தான். அவள் கையிலிருந்த தடியைப் பார்த்தான். பிறகு பார்வை கீழே இறங்கி அங்கேயே நின்றது. அவன் திரும்பிப் போகும்வரை அது அங்கேயே இருந்தது. அவள் குனிந்து தன் பாவாடையைப் பார்த்தாள். கருநீலத்தில் முழங்கால்வரை வெள்ளை.

பாட்டு நின்றது. அவர்கள் எதிர்ப்பக்கம், மேடை ஓரம் இருந்தார்கள். லூடி பிடியை விடவில்லை. ஜோடிகள் கைதட்டிக் கலைந்தன. நடுவில் தளம் காலியானது. அவள் தடியோடு அதில் கால் வைத்தாள். கால் தானாகப் போனது.

“அங்கயே நில்லு!” என்று ஃப்ளோரியன் கத்தினான்.

நின்றாள். கூடத்தில் பலர் திரும்பினார்கள்.

“கீழ பவுடர் இருக்கு,” என்றான். “உன் பாவாடையில கொட்டினது போக மிச்சம் எல்லாம் இங்கதான் இருக்கு.”

லூடி அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தான். பெர்னிஸ் பாவாடையை ஒருமுறை தட்டினாள். ஃப்ளோரியன் லூடியின் கையை ஒவ்வொரு விரலாகத் தன் தோளிலிருந்து எடுத்தான். தனியாக நின்றான். கொஞ்சம் ஆடினான். மறுபடி நின்றான். பிறகு கையை நீட்டினான்.

அவள் தடியை நீட்டினாள். தூரம் எட்டவில்லை.

“அது எதுக்கு? நீ வா,” என்றான். “அவசரப்படாம வா. காலைத் தூக்காத.”

அவள் காலைத் தேய்த்துத் தேய்த்து அவனை நோக்கிப் போனாள். மேடையில் கான்செர்டினாக்காரன் அடுத்த பாட்டுக்குக் காலைத் தட்ட ஆரம்பித்திருந்தான். முன்னதைவிட வேகமாக.