வெல்லத் தொட்டி

அப்துல் சமத் பாய்க்குக் காசி தரவேண்டிய பாக்கி சரியாக அறுபத்திரண்டு ரூபாய். நாளுக்குக் கால் கிலோ மாட்டுக்கறி, ரெண்டு ரூபாய் வீதம் முப்பத்தொரு நாள். குடித்து ஏறின கடன் இல்லை, சீட்டாடி ஏறின கடனும் இல்லை. சோற்றை விட்டதால் ஏறின கடன்.

எண்பத்து மூணாம் வருஷம் மாசி மாசம் அது. காசிக்கு நாற்பத்தாறு வயசு. ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் வேலை. எவ்வளவு தண்ணி குடித்தாலும் நாக்கு வறண்டது. குதிகாலில் இருந்த வெடிப்பு ஒன்று ரெண்டு மாசமாக ஆறவில்லை. ரங்கம்மாள் நச்சரித்து நச்சரித்துத்தான் டாக்டர் ஆரோக்கியசாமியிடம் அனுப்பினாள். டாக்டர் அவன் மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். நீலம் பச்சையாச்சு, பச்சை மஞ்சளாச்சு, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. நிறம் பார்த்தே இருபது வருஷம் கூலி வாங்கினவன் காசி. டாக்டர் வாய் திறப்பதற்கு முன்னாடியே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"சக்கரை ரொம்ப ஜாஸ்திப்பா. சோத்தக் கம்மி பண்ணு. காலைல அரை மாத்திரை, சாயங்காலம் அரை மாத்திரை" என்றார் டாக்டர்.

மருந்து கட்டிக் கொடுத்தவர் கவர் மேலே 'சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதித் தந்தார். காசி அதை வாசலில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தான். முப்பத்தொன்பது வயசில் தொழிற்சங்க ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட எழுத்து. அதனால் எழுதினது எதுவானாலும் அப்படியே நம்புவான். சாப்பாட்டுக்கு முன் என்றுதான் எழுதியிருந்தது. பின்னால் சாப்பிட்டே ஆகணும் என்று எழுதியிருக்கவில்லை.

அவனுக்கு இருந்த பயம் ஒன்றுதான். கால். அவன் அண்ணன் ஜம்புலிங்கத்துக்கு இதே வியாதி. சுண்ணாம்புக் குழியில் தோல் இழுக்கிற வேலை. முதலில் சுண்டுவிரல் கறுத்தது. அப்புறம் வேலூரில் பாதத்தை எடுத்தார்கள். அப்புறம் முழங்கால் வரைக்கும். எடுத்த பிறகும் அண்ணன் இல்லாத காலைச் சொறியக் கையை நீட்டுவான். எட்டு மாசத்தில் போய்விட்டான். காசி இப்போது காலையில் எழுந்ததும் பத்து விரலையும் எண்ணிவிட்டுத்தான் பாயை விட்டு இறங்கினான்.

அவன் பார்த்த வேலை அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றியது. குரோம் தண்ணி காய்ச்சுகிற வேலை. ஈயத் தகடு அடித்த மரத் தொட்டியில் பைகுரோமேட் உப்பைக் கரைத்தால் தண்ணி ஆரஞ்சாக நிற்கும். ஆசிட்டை விடணும். பிறகு வெல்லத்தைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றணும். அதுவரை சும்மா கிடந்த தண்ணி, வெல்லம் பட்டதும் பொங்கும். அடியில் நெருப்பு இல்லாமலே கொதிக்கும், புகையும், விளிம்புக்கு ஏறும். ஜாஸ்தி ஊற்றினால் வெளியே சீறி ஆள் தோலை உரித்துவிடும். கொதித்து அடங்கினால் கரும்பச்சை. அந்தப் பச்சையில்தான் தோல் பதமாகும்.

இருபது வருஷம் அதைப் பார்த்தவனுக்கு இப்போது ஒரு நினைப்பு ஒட்டிக்கொண்டது. வெல்லம் தொட்டியில் செய்கிறதைத்தான் ரத்தத்திலும் செய்யும். அண்ணன் கால் உள்ளுக்குள்ளே வெந்துதான் கறுத்திருக்கிறது. அதற்கப்புறம் டீக்கடையில் கிளாஸில் சக்கரை கலக்குகிற சத்தம் கேட்டாலே அவனுக்கு உடம்பு கூசியது.

டேனரி கேட்டுக்கு எதிரில் கறிக்கடை வைத்திருந்தவர் அப்துல் சமத். அவருக்கும் சக்கரை இருந்தது ஊருக்கே தெரியும். மூணு வருஷத்துக்கு முன்னாடி நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவார். இப்போது லுங்கி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டிருந்தார்.

"இன்னா பாய் பண்ணீங்க?" என்று கேட்டான் காசி.

"ஒண்ணும் பண்ணல. சோத்துக்கு சலாம் போட்டேன். ரொட்டி கிடையாது, இட்லி கிடையாது. கறி, முட்டை, கீரை. அவ்ளோதான். கல்யாணத்துக்குப் போனா பிரியாணில கறியப் பொறுக்கித் தின்னுட்டு அரிசிய அப்படியே வெச்சிருவேன். சம்பந்திங்களுக்குக் கோவம். எனக்கு இன்னா, கால் இருக்குதா இல்லியா?"

கால் என்ற சொல்லிலேயே காசி விழுந்துவிட்டான்.

"கறிக்கு நான் எங்க போவேன் பாய்?"

"பலகைல எழுதிக்கிறேன் வா. தோஸ்துகிட்ட கூட காசு கேப்பனா?"

அன்றைக்கே ரங்கம்மாளிடம் சொல்லிவிட்டான், இனிமேல் எனக்கு உலை வைக்காதே என்று. "ஒரு பிடி தின்னுயா. சோறு தின்னாம மனுசன் இருப்பானா?" என்றாள் அவள். "அண்ணன் தின்னான், பாத்தியே" என்றான்.

ஒரு மாசம் அவன் சொன்னதுதான் ஜெயித்தது. குதிகால் வெடிப்பு மூடிக்கொண்டது. தாகம் அடங்கியது. டாக்டர் காய்ச்சின நீல மருந்து லேசான பச்சையோடு நின்றது. "பரவாயில்லியே, சோத்தக் கம்மி பண்ணிட்டியா?" என்றார். "பண்ணிட்டேன் சார்" என்றான். கம்மி இல்லை, அடியோடு நிறுத்திவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. அவரும் மாத்திரையைக் குறைக்கவில்லை. கையில் எப்போதாவது ஒரு நடுக்கம் வரும், கறி தின்றதும் போய்விடும். அதையும் அவன் சொல்லவில்லை.

முப்பத்திரண்டாவது நாள் சமத் பாய் கறியை நிறுக்காமல் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"காசி, தப்பா நினைக்காத. வாணியம்பாடி சந்தைல மாடு புடிக்கணும். கை காலியா கிடக்குது. கொஞ்சமாச்சும் குடுத்துட்டு வாங்கேன்."

"சாயங்காலம் சனிக்கிழமைக் கூலி வந்ததும் தர்றேன் பாய்" என்று சொல்லிவிட்டுக் காசி நடந்தான். சனிக்கிழமை கூலியில் வாடகை போச்சு, அரிசி போச்சு. மறுநாளிலிருந்து கடைக்கு எதிரில் போகாமல் பின்பக்கம் சாக்கடை ஓரமாகச் சுற்றி டேனரிக்குள் நுழைந்தான். கறி இல்லை. சோற்றுக்குத் திரும்பவும் தைரியம் இல்லை. கீரைத் தண்ணியும் மோரும் குடித்தான். மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடவில்லை.

கறி நின்ற நாலாம் நாள் காலை ஏழு மணிக்கு அரை மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தான். பத்து மணிக்குக் கை உதற ஆரம்பித்தது. நெற்றி வேர்த்தது, ஆனால் உடம்பு சில்லென்று இருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. தொட்டி ரெண்டாகத் தெரிந்தது.

ஏறிடுச்சு, சக்கரை ஏறிடுச்சு என்று அவனுக்குத் தோன்றியது. உள்ளே கொதிக்க ஆரம்பித்துவிட்டது. கால் பெருவிரலை அசைத்துப் பார்த்தான், மரத்துக் கிடந்த மாதிரி இருந்தது. மடியில் முடிந்திருந்த சாயங்கால அரை மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணி இல்லாமலே விழுங்கினான்.

கூட வேலை செய்த நந்தகோபால் பார்த்துவிட்டான். "ண்ணா, மூஞ்சி வெளுத்துப் போச்சே. இந்தா, டீ ஒரு மடக்கு குடி."

"சக்கரை போட்டதா?"

"டீக்கு உப்பா போடுவாங்க?"

காசி கிளாஸைத் தட்டிவிட்டான். அது தரையில் உருண்டது. "என்னக் கொல்லப் பாக்குறியா" என்றான். நாக்கு குழறியது. நந்தகோபால் அப்படி ஒரு கண்ணைக் காசியிடம் பார்த்ததில்லை, ரெண்டடி பின்னால் போனான்.

தொட்டியில் ஆசிட் விட்டாகிவிட்டது. வெல்லம் ஊற்றணும். காசி வாளியைத் தூக்கினான். முதல் ஊற்றுக்கே தண்ணி பொங்கியது. அந்தப் பொங்கலைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அதற்குள்ளே தன் கால் கிடப்பதுபோல் இருந்தது. வாளி கையிலிருந்து நழுவ, நந்தகோபால் பின்னாலிருந்து பனியனைப் பிடித்து இழுத்ததில் பனியன் கிழிந்து காசி மல்லாக்கத் தரையில் விழுந்தான். வெல்லம் மொத்தமும் தொட்டிக்குள் விழ, தண்ணி சீறி அவன் நின்ற இடத்தில் கொட்டியது.

ஆட்கள் ஓடி வந்தார்கள். வலிப்பு என்றார் மேஸ்திரி. யாரோ இரும்புச் சாவியைக் கொண்டுவந்து உள்ளங்கையில் திணித்து விரல்களை மடக்கிப் பிடித்தார்கள். பல் கிட்டிப்போய்க் கிடந்தான். பேச்சுச் சத்தமெல்லாம் கிணற்றுக்கு மேலே இருந்து கேட்பதுபோல் அவனுக்குக் கேட்டது. வாயைத் திறக்க முடியவில்லை.

பத்தரைக்குக் கஞ்சித் தூக்கோடு ரங்கம்மாள் வந்தாள். தினம் கொண்டுவருவாள், தினம் திருப்பி அனுப்புவான். கூட்டத்தை விலக்கிப் பார்த்தவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாலு நாளா ஒண்ணும் தின்னல. மாத்திரை மட்டும் போட்டுக்கினு வர்றாரு" என்றாள்.

"இன்னைக்கு ரெண்டாவது தரமும் போட்டாரு. நான் பாத்தேன்" என்றான் நந்தகோபால்.

ஆபீஸ் கிளார்க் நிசார் அஹமது அதைக் கேட்டுக்கொண்டு போனுக்கு ஓடினார். ஓடின வேகத்திலேயே திரும்பி வந்தார். "இனிப்பு. டாக்டர் சொல்றாரு, சக்கரையோ வெல்லமோ உடனே வாயில வைக்கணுமாம். தண்ணியா ஊத்தாதீங்க, புரையேறிடும். ஈறுல தடவச் சொல்றாரு. தடவிட்டு வண்டில தூக்கிப்போட்டு எடுத்துக்கினு வரணுமாம்."

"சக்கரைக்காரனுக்குச் சக்கரையா?" என்றார் மேஸ்திரி.

"டாக்டர்தான் சொல்றாரு, நானா சொல்றேன்?"

பக்கத்தில் இருந்தது தொட்டிக்கான வெல்ல மூட்டை ஒன்றுதான். ஆட்கள் தின்றுவிடக்கூடாது என்று அதன்மேல் மண்ணெண்ணெய் தெளித்து வைப்பார்கள். நந்தகோபால் கையை ஆழமாக விட்டு நடுவிலிருந்து ஒரு கட்டியைப் பெயர்த்தான்.

வெல்லம் என்ற சொல் மட்டும் கிணற்றுக்குள் தெளிவாக வந்து விழுந்தது. காசி பல்லை இன்னும் இறுக்கினான். தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பினான். ஊற்றப் போகிறார்கள், பொங்கும், புகையும் என்று நினைத்தான். ரங்கம்மாளின் விரல் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் நுழைந்தது. கடித்தான். அவள் விரலை எடுக்கவில்லை.

"கடிச்சிக்கோ. நான் எடுக்க மாட்டேன்" என்றாள்.

மண்ணெண்ணெய் நாற்றத்தோடு இனிப்பு ஊறியது. கொதி வரும் என்று அவன் உடம்பை முறுக்கிக்கொண்டு காத்திருந்தான். வரவில்லை. வேர்வை நின்றது. கொஞ்ச நேரத்தில் கூரைத் தகரம் ஒன்றாகத் தெரிந்தது. அப்புறம் ரங்கம்மாளின் முகம். அவள் விரலில் ரத்தம்.

"என் கால்" என்றான்.

"ரெண்டும் இருக்குது" என்றாள்.

சாயங்காலம் வரைக்கும் டாக்டர் அவனைத் தன் கிளினிக் கட்டிலிலேயே படுக்கவைத்து, மணிக்கு ஒரு தரம் கஞ்சி கொடுக்கச் சொன்னார். "உனக்கு ஏறல, எறங்கிப் போச்சு. மாத்திரை சக்கரையை இறக்குது. நீ தின்னாதானே இறக்க எதாவது இருக்கும்? உன் வீட்டுக்காரி கறிக்கடை பாய் கதையச் சொன்னா. அவரும் எங்கிட்டதான் வர்றாரு, மாத்திரையே போடறதில்ல, அவரு உடம்பு கறியிலயே அடங்குது. நீ மாத்திரையும் போட்டு வயித்தையும் காயப் போட்டிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்திரையக் குறைச்சிருப்பேன்ல?"

காசி தலையாட்டினான். ஏறினால் கால் போகும், இறங்கினால் உயிரே போகும். இதுவரைக்கும் அவனுக்கு ஒரு பயம் இருந்தது, இனிமேல் ரெண்டு.

மூணாம் நாள் சமத் பாய் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"நீ மாத்திரை போடறேன்னு எங்கிட்ட சொல்லலியே காசி."

"நீங்க கேக்கலியே பாய்."

"எனக்கு ஒத்துக்கிச்சி, உனக்கும் ஒத்துக்கும்னு வாய விட்டுட்டேன். ரெண்டு நாளா எனக்குக் கறி எறங்கல. அந்தப் பாக்கிய உட்டுடு. பலகைல இருந்து அழிச்சிடறேன்."

காசி ஆறின குதிகாலைத் தடவினான். "வேணாம் பாய். அழிச்சா நீங்க எனக்கு விஷம் குடுத்த மாதிரி ஆயிடும். அந்த மாசம் இந்தப் புண்ணு ஆறுச்சு. நான் தின்ன கறி, நான்தான் தரணும்."

மேஸ்திரி அவனை மறுபடி தொட்டிக்குப் பக்கத்தில் விடவில்லை. தோல் காயப்போடுகிற மைதானத்துக்கு மாற்றினார், நாளுக்கு ரெண்டு ரூபாய் கம்மி. காலையில் மட்டும் கால் மாத்திரை போதும் என்றார் டாக்டர். ரங்கம்மாள் சின்ன டம்ளரில் தலைதட்டி அளந்து ஒரு பிடி சோறும், அதற்கு மூணு பங்கு கீரையும் வைத்தாள். ஒவ்வொரு கவளத்தையும் அவன் பயந்து பயந்துதான் விழுங்கினான். டாக்டர் சொன்னபடி மடியில் ஒரு வெல்லக் கட்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டான். கை தற்செயலாக அதில் பட்டால் தேளைத் தொட்டதுபோல் இழுத்துக்கொள்வான். ஆனால் அது இல்லாமல் ஒரு நாளும் வீட்டை விட்டு இறங்கினதில்லை.

சனிக்கிழமை தோறும் அஞ்சு ரூபாய் கொண்டுபோய்க் கொடுத்தான். பன்னிரண்டு சனிக்கிழமை. பதிமூணாவது சனிக்கிழமை ரெண்டு ரூபாய்த் தாளை நீட்டினான். சமத் பாய் வாங்கிக்கொண்டு, ஈரத் துணியால் பலகையில் அவன் பேரைத் துடைத்தார். சுண்ணக்கட்டிக் கோடு போகாமல் நின்றதால் இன்னொரு தரம் அழுத்தித் துடைத்தார்.

"தீர்ந்துச்சு காசி" என்றார்.