கொடி வள்ளமும் புதுப் பிஸ்டனும்

“எஞ்சினை அரைவாசிக்கு மேல திறக்காதையெண்டு எத்தினை தரம் சொன்னனான்? உனக்குக் காது அடைச்சுப்போச்சோ?”

“கொடி ஏத்தின வள்ளத்தைப் பாய் வள்ளம் முந்தினா ஊருக்கே வெக்கம், மச்சான்.”

1947இல் கற்பிட்டியிலிருந்து கண்டக்குழிக்குப் புனித அன்னம்மாவின் திருநாள் கொடி கொண்டுபோகையில் கடலில் நடந்த சண்டை இது. லோறன்ஸ் தன் வள்ளத்து எஞ்சினைக் கழற்றி, புதுப் பிஸ்டன் போட்டுப் பூட்டியிருந்தான். அது பழகும்வரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். ஆனால் கொடி வள்ளத்தை யாரும் முந்தக் கூடாது என்பது ஊர் வழக்கம். காற்று எழும்பியதும் பாய் வள்ளங்கள் நெருங்கின. எஞ்சினைப் பிடித்திருந்த மைத்துனன் யாக்கோபு முழுதாகத் திறந்துவிட்டான். பிஸ்டன் சூடேறி இறுகி, எஞ்சின் நின்றுவிட்டது. லோறன்ஸின் அந்தப் பருவத் தொழில் முழுக்க அந்த எஞ்சினை நம்பித்தான் இருந்தது.

“அன்னம்மாவுக்காகத்தான் திறந்தனான்,” என்றான் யாக்கோபு.

“அப்ப அன்னம்மாவையே வந்து தண்டு வலிக்கச் சொல்லு. பின்னால வந்தவங்கள் பாயைக் கொஞ்சம் இறக்கினா கை முறிஞ்சிடுமோ?”

லோறன்ஸ் கொடியைக் கழற்றி, பக்கத்தில் வந்த பாய் வள்ளத்துக்குள் எறிந்தான். அதற்காக ஊர் அவனைத் திருநாளிலிருந்து விலக்கிவைத்தது. முந்த வந்தவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரமாக வருகிறது. நீங்கள் அந்த வள்ளத்தில் இருந்திருந்தால் யாரைக் குற்றம் சொல்வீர்கள்? தயவுசெய்து பதில் எழுதுங்கள்.